கொரியாவில் இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறீர்களா? போட்டோ அனுப்ப முன்னம் இதை வாசியுங்கள்

ரொறன்ரோவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலுத்துப்போன நம்முடைய பிள்ளைகள் சிலர், தென்கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள், அதிலும் என்னைப் போல நல்ல கறுப்பு என்றால்.

இந்த வேலைக்கு ஈ-2 விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்று ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். கனடா கடவுச்சீட்டு, பட்டம், பொலிஸ் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால் சட்டப்படி நீங்களும் ஒரு வெள்ளைக்காரரும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு போட்டோவும் கேட்பார்கள். வடிகட்டுவது அதை வைத்துத்தான்.

ஏஜென்டுக்குக் காசு கொடுப்பது ஹாக்வோன், அதாவது தனியார் டியூஷன் நிலையம். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அவருக்குக் கமிஷன். என்னிடம் “கொஞ்சம் வெளிச்சமான படம் இருந்தால் அனுப்புங்கள்” என்றார், அனுப்பினேன். வீடியோவில் கதைக்கத் தேவையில்லை, போன் போதும் என்றார். அங்கே போன பிறகு என் விண்ணப்பத்தின் பிரதியை அலுவலக மேசையில் பார்த்தேன்: நெற்றியும் கன்னமும் மாவு பூசினது போல வெளுத்துக் கிடக்கிறது, என் அம்மாவுக்குக் காட்டினால் யார் இந்தப் பெடியன் என்று கேட்டிருப்பார். பேருந்து நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்த நிர்வாகி அம்மா ஏன் என்னைத் தாண்டிப் பின்னால் வேறு யாரையோ தேடினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சத்தமில்லாமல்தான் நடந்தன. யாரும் முகத்துக்கு நேரே திட்டவில்லை. வகுப்பைப் பார்க்கப் பெற்றோர் வருகிற நாளில் எனக்கு மட்டும் “ஓய்வு எடுங்கள்” என்று லீவு. விளம்பரத் துண்டுப்பிரசுரத்தில் என் பெயருக்குக் கீழே, எனக்கு முன்னால் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரரின் படம். கேட்டால் அச்சுப் பிழை என்கிறார்கள். நீ உண்மையில் கனடாவா, அப்பா அம்மா எந்த நாடு என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சின்னவன் என் புறங்கையை விரலால் தேய்த்து, நிறம் வருகிறதா என்று தன் விரலைப் பார்த்தான், அவ்வளவுதான். அடுத்த நாளில் இருந்து எனக்குப் பக்கத்தில் இருக்கத்தான் சண்டை பிடிப்பான்.

என்னைவிட மோசமாக அடிபட்டவர் கூட வேலை செய்த டர்பன்காரி. தென்னாபிரிக்கக் கறுப்பினப் பெண், என்னைவிட மூத்தவர், படிப்பிப்பதில் கெட்டிக்காரி. (டர்பன் தமிழர் வாழ்கிற நகரம் என்பதால் நம்முடைய காவடியெல்லாம் பார்த்து வளர்ந்தவர். அந்த ஊரில் என்னோடு காவடியைப் பற்றிக் கதைக்க அவர் ஒருவர்தான் இருந்தார்.) பாலர் வகுப்பில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று முறைப்பாடு வந்ததாம். இன்னும் சிரியுங்கள் என்றார்கள். பிறகு வெளிர் நிற உடுப்புப் போடுங்கள் என்றார்கள். கடைசியில் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, பெற்றோர் விரும்பவில்லை என்று அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் அந்த நேரம் பார்த்து என்றால், கொரியச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் விலகல் தொகையாகக் கொடுக்க வேண்டும். பதினோராம் மாதத்தில் அனுப்பிவிட்டால் அது மிச்சம். இந்த விளையாட்டை எல்லா நிறத்தவரிடமும் விளையாடுகிற ஹாக்வோன்கள் உண்டு, கறுப்பர் என்றால் “பெற்றோர் முறைப்பாடு” என்ற சாட்டும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அவர் விடவில்லை, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்துவதென்றால் 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாள் சம்பளம். அந்தக் காசை வாங்கினார். நிறத்துக்காக நிறுத்தினார்கள் என்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தொழிலாளர் சட்டம் நாட்டினத்தை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறதுதான், ஆனால் எல்லாவற்றையும் உள்ளடக்கிய பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஒன்றை 2007 முதல் கொண்டுவரப் பார்த்தும் நிறைவேறவில்லை. 2009ல் இந்திய ஆய்வுப் பேராசிரியர் போனோஜித் ஹுசைனைப் பேருந்தில் ஒருவர் இனத்தைச் சொல்லித் திட்டியபோதுகூட, பொது இடத்தில் அவமதித்த குற்றத்துக்குத்தான் பத்து லட்சம் வோன் அபராதம் விழுந்தது.

அரசாங்கமே அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், கொரிய வம்சாவளி ஆசிரியர்களுக்கு இல்லை. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து வேலையை இழந்து, ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போய், 2015ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2017ல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

சரி, என் கதை. நேரத்தைக் குறைத்து, சம்பளத்தையும் குறைத்துப் புது ஒப்பந்தம் நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. விசாவை ரத்துப் பண்ணுவோம் என்றார்கள். அதுதான் பெரிய பொறி: ஈ-2 விசா அந்த ஹாக்வோனோடு கட்டப்பட்டது, இடையில் வேறு இடத்துக்கு மாறப் பொதுவாக அவர்களுடைய சம்மதக் கடிதம் வேண்டும். பல மாதம் இழுத்தடித்து, நான் தொழிலாளர் அலுவலகத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது.

போகப்போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். வீடியோ இல்லாத நேர்முகத்துக்குச் சம்மதிக்காதீர்கள், நிர்வாகி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும். அங்கே இப்போது வேலை செய்கிற ஓர் ஆசிரியரோடு தனியாகக் கதைக்கக் கேளுங்கள், தரமாட்டோம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு ஆசிரியர் முன்பு இருந்தாரா, எத்தனை மாதம் இருந்தார் என்று அவரிடம் கேளுங்கள். நீங்களும் பங்குபற்றுகிற உரையாடலைப் பதிவு செய்வது அங்கே குற்றமில்லை, பதிவு செய்யுங்கள். போன் எண்கள்: சம்பளம், வேலையை விட்டு நிறுத்துவது என்றால் 1350, விசா என்றால் 1345, மனித உரிமை ஆணையத்துக்கு 1331. அநியாயமாக நிறுத்தினால் தொழிலாளர் உறவு ஆணையத்தில் மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்றால் அதுவும் முடியாது. சின்ன ஹாக்வோன்கள் பல அப்படித்தான், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாக்வோன் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கொரியாவில் உண்மையை எழுதினாலும் அவதூறு வழக்குப் போடலாம், குற்றவியல் வழக்கு. டர்பன்காரி இன்னும் அங்கேதான் வேறு ஊரில் படிப்பிக்கிறார், அவரை இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கு ஒப்பந்தம் வந்திருந்தால் சொந்த விபரங்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள், எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.