ஒரு நாள் பாஸ், ஐந்து படம், ஒரு பூட்டு

திரைப்பட விழாவுக்கு ஒரு நாள் பாஸ் எடுத்தேன். முந்தின வாரமே அட்டவணையை விரித்து வைத்து, ஐந்து படங்களைச் சுற்றி வட்டம் போட்டு, ஒரு ஸ்க்ரீனிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது வரை கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு மதியம் 2 மணி வரை தாங்கியது.

காலைக் காட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கூட்டம் இல்லை, நடுவரிசை கிடைக்கிறது, தலையும் தெளிவாக இருக்கிறது. மெதுவாக நகரும் படங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு பாட்டி கிணற்றடியில் எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்பதரை மணிக்கு அசையாமல் பார்த்தேன், பிடித்தும் இருந்தது. அதே காட்சியை மூன்று மணிக்குப் போட்டிருந்தால் பாட்டிக்கு முன்னால் நான் சாய்ந்திருப்பேன்.

இரண்டாவது படத்தில் சப்டைட்டில் சொதப்பியது. விழாக்களுக்கு வரும் சில பிரதிகளில் நமக்கு வேண்டிய மொழியில் சப்டைட்டில் இருக்காது. திரைக்குக் கீழே தனிப் பட்டையில் எழுத்தை ஓட்டுவார்கள், அரங்கில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து வசனத்தைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டிருப்பார். எங்கள் காட்சியில் அவர் எங்கோ ஒரு சின்ன வரியைக் கோட்டைவிட, அதற்கப்புறம் எல்லாமே ஒரு படி பின்தங்கிவிட்டது. மொழி தெரிந்த முன்வரிசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், நாங்கள் நான்கு விநாடி கழித்துச் சிரித்தோம். அதுகூடப் பரவாயில்லை. கணவன் இறந்த செய்தி வந்து அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று நிற்கிறது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, இரண்டு மணி நேரம் கண்ணும் காதும் விரலும் ஒன்றாக ஓட வேண்டிய வேலை அது.

ஆனால் மூன்றாவது படத்துக்குச் சமாதானமே கிடையாது. ஹவுஸ்புல், எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, விளக்கும் அணைந்தது, மறுபடி எரிந்தது. படம் திறக்கவில்லையாம். இப்போதெல்லாம் படம் டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியாக, பெரும்பாலும் பூட்டோடு வருகிறது. பூட்டைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி தனியாக வரும். அது இன்ன சர்வரில், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை மட்டும்தான் வேலை செய்யும். எங்கள் படத்தைக் கடைசி நேரத்தில் ஸ்க்ரீன் 2-இலிருந்து 4-க்கு மாற்றியிருக்கிறார்கள், சாவி 2-க்கு வாங்கியது. 35 எம்.எம். காலத்தில் 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், நடுவில் அறுந்தும் போகும். ஆனாலும் பெட்டி கையில் இருந்தால் படம் ஓடும்.

சாவி தப்பாக வந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. 50 நிமிடம் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வாலண்டியர் பெண்ணை முன்னால் தள்ளிவிட்டு "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஆறு தடவை சொல்ல வைத்தார்கள், கூட்டத்தின் ஏச்சு முழுக்க அந்தப் பெண்ணுக்குப் போனது. காட்சிகளுக்கு நடுவே 20 நிமிடம் மட்டும் விட்டு அட்டவணை போட்டால் இப்படித்தான் ஆகும், ஒன்று தாமதமானால் மாலை முழுவதும் சரியும். 1932-இல் வெனிஸ் விழா ஒரு ஹோட்டலின் திறந்த மாடியில் தொடங்கியது. ஸ்க்ரீன் மாற்றி ஓடும் தொல்லை அந்தப் பார்வையாளர்களுக்கு இருந்திருக்காது.

நான் வட்டம் போட்ட நான்காவது படத்துக்கு ஓடிப் போனால் கதவைச் சாத்திவிட்டார்கள். சரி, இடம் இருக்கிற இடத்தில் உட்காருவோம் என்று குறும்படத் தொகுப்புக்குள் நுழைந்தேன். அன்றைக்குப் பார்த்ததிலேயே நல்லது அதில்தான் இருந்தது. லிப்ட் பழுதுபார்க்கும் அப்பா, அவரோடு வேலைக்கு வந்துவிட்ட மகள், 14 நிமிடம், வசனம் மொத்தம் பத்து வரி தேறாது. கடைசியில் அவள் மேல்மாடியில் நின்று பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறாள், கம்பிவடம் நகரும் சத்தம் மட்டும் கேட்கிறது. இயக்குநர் அரங்கிலேயே இருந்தார். ஆனால் கேள்வி நேரத்தில் மைக் ஒரு பெரியவர் கையில் சிக்கிக்கொண்டது, கேள்வி வருவதற்குள் நேரம் முடிந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்கைகள் நன்று, ஏசி கொடுமை, ஸ்வெட்டர் அவசியம். அடுத்த தடவையும் ஒரு நாள் பாஸ்தான் எடுப்பேன், ஆனால் வட்டம் மூன்றோடு சரி.

இரவுக் காட்சி தொடங்கும்போது நாயகன் முகம் மழமழவென்று இருந்தது, தபால் அலுவலகத்தில் வேலை. ஒரு நிமிடம்தான் கண்ணை மூடினேன். திறந்தபோது மார்பு வரை தாடி, கையில் விலங்கு, அரங்கில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். என்ன குற்றத்துக்காக உள்ளே போனான் என்று யாரிடம் கேட்பது?