ஸ்கிட் வெர்சஸ் பிசி: செஸ் டேட்டாபேஸ் எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு

குமரி மாவட்டம் தக்கலையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆட்டங்களைச் சேர்த்து வைக்கவும் தேடவும் நான் நம்பியிருப்பது ஸ்கிட் வெர்சஸ் பிசி என்ற இலவச மென்பொருளைத்தான். ஷேன் ஹட்சன் எழுதிய ஸ்கிட்டிலிருந்து கிளைத்து வளர்ந்தது இது; இனி சுருக்கமாக ஸ்கிட் என்றே சொல்கிறேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கோடை விடுமுறையில் டேட்டாபேஸ் முழுவதையும் லேப்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வெளியே மாட்டும் எஸ்எஸ்டி ஒன்றுக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவுக்கு, மாற்றினேன். அந்த வேலை அவ்வளவு சுலபமாக முடிந்ததற்காகவே இந்த மென்பொருளை எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் சிபாரிசு செய்வேன்.

ஒப்பிட்டுச் சொன்னால், போக்கர் சீட்டாட்டக்காரர்கள் தங்கள் ஆட்டங்களைச் சேர்த்து வைக்கும் டிராக்கர் மென்பொருள்களில் சில போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பி ஓடுபவை. அவற்றை வேறு டிரைவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சர்வீஸை நிறுத்த வேண்டும், டேட்டா ஃபோல்டரை நகர்த்த வேண்டும், புது இடத்தை சர்வருக்குச் சொல்ல வேண்டும். ஸ்கிட்டில் அந்தப் பாடெல்லாம் கிடையாது. ஒரு டேட்டாபேஸ் என்பது மூன்று கோப்புகள், அவ்வளவுதான். எஸ்ஐ4 என்று முடிவது அட்டவணை. எஸ்என்4 என்பதில் ஆட்டக்காரர்கள், போட்டிகள், ஊர்களின் பெயர்கள். எஸ்ஜி4 என்பதில் நகர்வுகளும் நாம் எழுதிய குறிப்புகளும். மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எங்கே வைத்தாலும் திறந்துகொள்ளும்.

ஆனால் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். விண்டோஸில் கோப்பின் கடைசிப் பகுதி மறைந்திருந்தால் மூன்றும் ஒரே பெயரில் நிற்கும், எது எதுவென்று தெரியாது. எனவே முதலில் வியூ மெனுவில் அந்த நீட்சிகளைக் காட்டச் சொல்லிவிடுங்கள். காப்பி செய்யும் முன் ஸ்கிட்டில் டேட்டாபேஸை மூடிவிட வேண்டும். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும் போதும். புது இடத்தில் திறந்து ஆட்டங்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடுவிலும் கடைசியிலும் இருக்கும் சில ஆட்டங்களைத் திறந்து நகர்த்திப் பாருங்கள். அப்புறம்தான் பழையதைத் தொட வேண்டும். நான் பழையதை அழிக்கவே இல்லை, அது காப்புப் பிரதியாக அப்படியே கிடக்கிறது.

புக்மார்க்குகள் மட்டும் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும். புது இடத்திலிருந்து திறந்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெளி டிரைவுக்கு விண்டோஸ் ஒருநாள் ஈ என்றும் மறுநாள் எஃப் என்றும் எழுத்து கொடுக்கக்கூடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் நிலையான ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சரி, வேகம்? பெயரை வைத்துத் தேடுவதில் பெரிய மாற்றம் இல்லை. டேட்டாபேஸைத் திறக்கும்போதே அட்டவணையும் பெயர்களும் மெமரிக்கு வந்துவிடுகின்றன என்பதால் அது முன்பும் வேகம்தான். பலகையில் ஒரு நிலையை வைத்து இது வந்த ஆட்டங்களையெல்லாம் கொடு என்று கேட்கும் தேடலில்தான் வித்தியாசம் தெரிகிறது, ஏனென்றால் அதற்கு நகர்வுக் கோப்பைப் படித்தாக வேண்டும். முன்பெல்லாம் தேடச் சொல்லிவிட்டு நான் மரப்பலகையில் காய்களை அடுக்கி முடிப்பேன், பட்டியல் பிறகுதான் வரும். இப்போது சிப்பாய்களை வைக்கும் முன்பே வந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து வகுப்பெடுப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதைவிடப் பெரிய பலன் சிசிஜி டேபிள்பேஸில் கிடைத்தது. காய்கள் குறைந்த நிலைகளின் சரியான முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பதுதான் டேபிள்பேஸ். ரொனால்ட் டி மான் உருவாக்கிய இந்தக் கடைசிக்கட்ட அட்டவணைகள், பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 5 காய்கள் வரை இருக்கும் நிலைகளுக்குச் சுமார் 1 ஜிபி. 6 காய்களுக்குப் போனால் சுமார் 150 ஜிபி. இதில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. ஆர்டிபிடபிள்யூ என்று முடிபவை வெற்றியா, தோல்வியா, டிராவா என்று மட்டும் சொல்லும். எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்குப் போடும் மென்பொருள், யோசிக்கும்போது திரும்பத் திரும்பப் படிப்பது இவற்றைத்தான், ஆகவே இவை எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். ஆர்டிபிஇசட் கோப்புகள் எப்போதாவதுதான் தேவைப்படும், ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் சிசிஜிபாத் அமைப்பில் இரண்டு ஃபோல்டர்களையும் கொடுக்கலாம், விண்டோஸில் நடுவே ஓர் அரைப்புள்ளி. பாதை தவறினால் எஞ்சின் சத்தமில்லாமல் டேபிள்பேஸ் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை அட்டவணைகள் கிடைத்தன என்று அது தரும் ஒரு வரியை அவசியம் பாருங்கள்.

குளச்சலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, யானையும் சிப்பாயும் எதிராளிக்கு, தனக்கு யானை மட்டும் என்ற நிலையில் தோற்று வந்து, “சார், இது டிராதானே?” என்று கேட்டாள். ராஜாக்களைச் சேர்த்தால் 5 காய்கள். நிலையைப் போட்டோம். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி எதிராளி ராஜாவை முன்னேற விடாமல் தடுப்பது, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைக் கடைசிவரை ஓட்டிப் பின்னாலிருந்து செக் கொடுப்பது, இதுதான் ஃபிலிடோர் தற்காப்பு. எந்த நகர்வில் டிரா கையை விட்டுப் போனது என்று அவளே கண்டுபிடித்தாள். “மக்களே, இப்ப நீ எனக்குச் சொல்லிக்குடு” என்றேன். சொல்லிக் கொடுத்தாள், ஒரு நகர்வுகூடப் பிசகாமல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்கிட்டின் முகம் பழையது, ஜன்னல்கள் அதிகம், தமிழ் மெனு இல்லை. ஆட்டங்களை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் பிஜிஎன் கோப்பை நேரடியாகத் திறந்தால் மந்தமாக இருக்கும். எஸ்ஐ4 டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி அதில் இறக்கிக்கொள்வதுதான் சரி. 1994இலிருந்து மார்க் கிரௌதர் வாராவாரம் தரும் ஆட்டங்களை நான் அப்படித்தான் சேர்க்கிறேன். ஒரு டேட்டாபேஸில் சுமார் 1.67 கோடி ஆட்டங்கள் வரைதான் கொள்ளும். நமக்கு அது தாராளம்.

நம் மாவட்டத்துக்காக இரண்டு விஷயம். இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு, மழை பிடித்தால் கரண்ட் போகும். நீக்கிய ஆட்டங்களைக் கழித்து டேட்டாபேஸைச் சுருக்கும் வேலையை லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முட்டம், குளச்சல் மாதிரி கடலோர ஊர்களுக்கு எஸ்எஸ்டியைக் கொண்டுபோனால் கேபிளையும் சேர்த்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்றில் முனை கறுத்து, தொடர்பு விட்டுவிட்டு வந்தால், திறந்திருக்கும் டேட்டாபேஸுக்கு ஆபத்து. முடிந்தால் யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள், 2இல் மாட்டினால் எஸ்எஸ்டி வாங்கிய காசு வீண்.

5 காய்கள் வரை போதும் என்பவர்களுக்கு எந்தச் சிறிய எஸ்எஸ்டியும் போதும். 6 காய்கள் வேண்டுமென்றால் 256 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.