முழு ஆன்லைன், தலைகீழ் வகுப்பு, சுழற்சி, ஹைஃப்ளெக்ஸ்: பன்னாட்டுப் பள்ளிகளில் எது எங்கே எடுபடும்?

பன்னாட்டுப் பள்ளிகளில் "ஆன்லைன் வசதி உண்டு" என்று சொன்னால் அதற்குள் குறைந்தது நான்கு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கும். முழுக்க இணையத்திலேயே நடக்கும் பள்ளி ஒன்று. வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பு இன்னொன்று. ஒரே அறைக்குள் குழுக்கள் இடம் மாறி மாறிப் படிக்கும் சுழற்சி முறை மூன்றாவது. பாதிப் பேர் அறையிலும் மீதிப் பேர் திரையிலும் இருக்க, ஒரே ஆசிரியர் இருவருக்கும் பாடம் எடுக்கும் ஹைஃப்ளெக்ஸ் நான்காவது. இவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும்: ஆசிரியரும் மாணவரும் சேர்ந்திருக்கும் நிமிடங்கள் எதற்குச் செலவாகின்றன?

முழு ஆன்லைன்: இடிப்பது லேபில்

மொழி, கணிதம், பொருளியல், வரலாறு போன்றவற்றை முழு ஆன்லைனில் நன்றாகவே நடத்தலாம். ஐ.பி. டிப்ளமா என்ற பன்னாட்டு மேல்நிலைப் படிப்பின் 4,000 சொல் கட்டுரைக்கு மேற்பார்வையாளரோடு மூன்று சந்திப்புகள் கட்டாயம். அவை திரை வழியே நடந்தாலும் குறை இல்லை. அறிவியல் வந்ததும்தான் கதை மாறுகிறது.

பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. அறிவியலில் செய்முறைக்கு இரண்டு வழிகள் உண்டு. லேபில் செய்து காட்டும் தாள் 5, அல்லது அதற்கு மாற்றாக எழுதும் தாள் 6. ஆன்லைன் மாணவர் தாள் 6 எழுதித் தேறிவிடலாம். அந்த நம்பிக்கையில், பதினொன்றாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஏ.எஸ். நிலைக்குப் போனால் வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றிலும் தாள் 3 காத்திருக்கும்: 2 மணி நேரம், 40 மதிப்பெண், லேபில் செய்தே ஆக வேண்டும். மாற்றுத் தாள் கிடையாது. தனித்தேர்வர்களுக்கு லேப் தேர்வு நடத்தப் பல தேர்வு மையங்கள் முன்வருவதும் இல்லை. பியர்சன் எடெக்செல் என்ற இன்னொரு தேர்வு வாரியத்தின் பன்னாட்டு ஏ லெவலில் (பள்ளி இறுதி நிலை) செய்முறைத் திறன் 3, 6ஆம் அலகுகளில் எழுத்துத் தாளாகவே வருகிறது. முழு ஆன்லைனில் அறிவியல் எடுக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பின் நடுவில் தெரியவந்தால் ஒரு வருடம் போய்விடும்.

எழுத்துத் தாள்தானே என்று செய்முறையை விட்டுவிடவும் கூடாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் (திரையில் செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகள்) அருமையானவை. மின்சுற்றையும் அலைகளையும் புரியவைக்க அவற்றைவிட நல்ல கருவிகள் குறைவு. ஆனால் டைட்ரேஷனை, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பைக் கண்மட்டத்துக்கு நேராக வைத்து 0.05 கன செ.மீ. வரை அளவு படிக்க வேண்டும். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் கை நிற்க வேண்டும். முதல் தடவை தாண்டிப் போகும், இரண்டாவது தடவை கை தானாக மெதுவாகும். சிமுலேஷனில் குழாய் நுனியில் காற்றுக் குமிழி மாட்டுவதில்லை, கண்ணும் தவறாகப் படிப்பதில்லை. ஆகவே "முடிவு ஏன் தப்பாகலாம்?" என்று தாளில் கேட்டால் அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்ததைத்தான் எழுதும். வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கைந்து நாள், ஏதாவதொரு லேபில் தொடர்ந்து செய்முறை வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். இந்த ஏற்பாடு இல்லாத முழு ஆன்லைன் பள்ளியில் அறிவியல் படிக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நேர வித்தியாசமும் உண்டு. லண்டனில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் துபாயில் பகல் 1, சிங்கப்பூரில் மாலை 5. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டன் கடிகாரத்தை மாற்றியதும் அவை 12, 4 என்று நகரும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப மாறும். அட்டவணையை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலும் மாணவரின் உள்ளூர் நேரத்திலும் சேர்த்து அச்சிடாத பள்ளியில், அந்த இரண்டு திங்கட்கிழமைகளிலும் பாதி வகுப்பு காலியாக இருக்கும்.

தலைகீழ் வகுப்பு: உழைப்பு முன்னால், பலன் பின்னால்

2007 வாக்கில் கொலராடோவின் வுட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து இது பரவியது. வீடியோ 6 நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அங்கேதான் கவனம் தீர்வதாகக் காட்டியது. இடையில் இரண்டு கேள்விகள், கீழே வசன வரிகள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகள் நிறைந்த பன்னாட்டுப் பள்ளியில் இந்த வசன வரிகளும் நிறுத்திக் கேட்கும் வசதியும் பெரிய வரம். நேரில் "இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்" என்று நாலு முறை கேட்கப் பிள்ளை கூச்சப்படும்.

இது கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான். பத்துப் பேர் பார்க்காமல் வருகிறார்கள். ஆசிரியர் மனம் இளகி வீடியோவில் சொன்னதையே பலகையில் மறுபடி சொல்கிறார். இரண்டு வாரத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்காதவர்களை ஓரமாக ஹெட்செட்டோடு உட்காரவைத்து அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் கணக்கைத் தொடங்கட்டும். இது தண்டனை அல்ல என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

சுழற்சி முறை

தொடக்கப் பள்ளிக்கு இதுவே போதும். 24 பேரை எட்டெட்டாகப் பிரித்து, ஆசிரியர் மேசை, கணினி, கைவேலை என்று மூன்று இடம். ஒவ்வொன்றிலும் 18 நிமிடம், மாறுவதற்கு மூன்று மூன்று நிமிடம், மொத்தம் 60. கணினி இடத்தில் வைக்கும் வேலை ஆசிரியர் உதவியின்றி முடியக்கூடியதாக இருக்க வேண்டும். கடவுச்சொல் மறந்த ஒரு பிள்ளை ஆசிரியர் மேசையில் இருக்கும் எட்டுப் பேரின் நேரத்தைத் தின்றுவிடும்.

ஹைஃப்ளெக்ஸ்: எல்லோரும் கேட்பது, குறைவாகவே தருவது

சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி இதை வடிவமைத்தது முதுநிலை மாணவர்களுக்காக. நேரில் வருவதா, இணையத்தில் சேர்வதா, பிறகு பதிவைப் பார்ப்பதா என்று வளர்ந்தவர்கள் தாங்களே தேர்ந்துகொள்வார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வும் இல்லை, தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் இன்னும் வரவில்லை.

முதலில் விழுவது ஒலி. மடிக்கணினி மைக் ஆசிரியரின் குரலைப் பிடிக்கும். கடைசி வரிசைப் பிள்ளை கேட்ட கேள்வி திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேரும். ஆசிரியர் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குள் சாட்டில் ஒருவர் கையுயர்த்திப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அறையில் இரண்டு கருவிகளில் ஒலி திறந்திருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். ஒன்றைத் தவிர மற்றவை ஒலி இணைக்காமலே சேர வேண்டும்.

ஒழுங்காக நடத்த அறை மைக், பலகையை மட்டும் பார்க்கும் தனிக் கேமரா, மாணவர் கணக்கில் நுழைந்த இரண்டாவது மடிக்கணினி, சாட்டைக் கவனிக்க இன்னொரு பெரியவர் என்று நான்கும் தேவை. கடைசியில் சொன்ன ஆளைத்தான் பெரும்பாலான பள்ளிகள் தருவதில்லை. அந்த ஆள் இல்லாவிட்டால் ஆசிரியரின் கவனம் இரண்டாகக் கிழிந்து, இரு பக்கமும் பாதி வகுப்புதான் கிடைக்கும்.

விசா தாமதத்தாலோ உடல்நலக் குறைவாலோ மூன்று வாரம் வரமுடியாத மாணவருக்காக மொத்த வகுப்பையும் ஹைஃப்ளெக்ஸ் ஆக்க வேண்டியதில்லை. தலைகீழ் வகுப்புக்கு எடுத்த வீடியோக்களும் பயிற்சித் தாள்களும் கையில் இருந்தால் அவற்றை அனுப்பிவிட்டு, வாரம் இரண்டு முறை 20 நிமிடம் அவரோடு மட்டும் நேரலையில் பேசலாம். விடையைச் சொல்லச் சொல்வதைவிட, செய்த ஒரு கணக்கைப் படிப்படியாக விளக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் தயங்குகிறதோ அங்கிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்கலாம்.