ரெஸ்பான்ஸிவ்: ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதிக்கு மதிப்புரை

மொழிபெயர்ப்பு என் தொழில். என் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பதினோரு வருடமாக உழைக்கிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி இது. முதுகு பிரிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லை எடுத்துக் காட்டுவேன்: ரெஸ்பான்ஸிவ் (responsive).

இதை நான் வாங்கியதே அந்தச் சொல்லால்தான். பக்கத்து வீட்டு அக்கா தன் கணவருக்கு மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்தார். 'நாட் ரெஸ்பான்ஸிவ் டு ஓரல் ஆன்டிபயாடிக்ஸ்' என்று ஒரு வரி. அப்போது என்னிடம் இருந்தது ஒரு கையடக்க ஆங்கிலம்-தமிழ் அகராதி. "விடையளிக்கிற, மறுமொழி தருகிற" என்று போட்டிருந்தது. நானும் அப்படியே சொன்னேன். "அப்ப அவருக்கு நினைவே இல்லாம இருந்துச்சா தம்பி?" என்று அக்கா பதறிவிட்டார். விஷயம் அதுவல்ல. நோய் மாத்திரைக்குக் கேட்கவில்லை, அதனால் ஊசிக்கு மாறினார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரமே இதை வாங்கிப் புரட்டினேன். சொல்லுக்குப் பக்கத்திலேயே 'டு' வரும் என்று காட்டியிருந்தது. பிறகு இரண்டு பொருள்கள், தனித்தனியாக. வேகமாகவும் நல்லபடியாகவும் எதிர்வினை காட்டுவது ஒன்று. ஆர்வத்தோடு ஈடுகொடுப்பது இன்னொன்று. முதல் பொருளுக்குக் கொடுத்த எடுத்துக்காட்டு, சிகிச்சைக்கு மசியாத ஃப்ளூ வைரஸ்! அக்காவின் காகிதத்துக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

இந்தக் குணம் அகராதியின் பிறப்பிலேயே இருக்கிறது. இதைத் தொகுத்த ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர். முதலில் 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் பதிப்பித்தது. பிறமொழிக்காரர் எங்கே தடுக்கி விழுவார் என்று வகுப்பறையில் பார்த்தவர் செய்த வேலை. அதனால் ஒரு சொல்லோடு எது சேர்ந்து வரும் என்பதை விடாமல் சொல்கிறது.

தமிழுக்கு வரும்போதுதான் நம் வேலை. நோய் என்றால் மருந்துக்குக் கேட்கும். வண்டி என்றால் சொன்ன பேச்சு கேட்கும். அரசு என்றால் மக்கள் குறைக்குச் செவிசாய்க்கும். சபை என்றால் ரசித்து ஈடுகொடுக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். 'அன்ரெஸ்பான்ஸிவ்' மட்டும் கவனம். அவசர சிகிச்சையில் அப்படி எழுதினால், கூப்பிட்டாலும் வலி கொடுத்தாலும் அசைவில்லை என்று பொருள். அக்கா பயந்தது அதைத்தான்.

டெண்டர் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'ரெஸ்பான்ஸிவ் பிட்' என்றால் டெண்டரில் கேட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும் ஒப்பந்தப்புள்ளி. வேகத்துக்கும் ஆர்வத்துக்கும் அதில் இடமில்லை. அதை டெண்டர் ஆவணத்தின் விதிமுறைகளைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும். இணையதளக்காரர்கள் சொல்வது வேறு: திரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம். 2010இல் ஈதன் மார்காட் என்ற இணைய வடிவமைப்பாளர் வைத்த பெயர் அது.

இந்த அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, உச்சரிப்பையும் கேட்கலாம். ஆனாலும் அச்சுப் பிரதியை வாங்குங்கள், பழைய பதிப்பானாலும் சரி. ஒன்றைத் தேடும்போது பக்கத்துச் சொல் கண்ணில் படும். தாள் மெல்லியது, பேனா மறுபக்கம் தெரியும், அதனால் பென்சில்தான். என் பிரதியில் அந்தச் சொல்லின் ஓரத்தில் 'கேட்கும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.