ஜிட், எஸ்விஎன், மெர்க்குரியல்: மூன்றுக்கும் நடுவே பேட்ச் மாற்றிப் பழகிய அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீம் எங்களுடையது. கோடில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க நாங்கள் பயன்படுத்துவது ஜிட். மெயின் கோடு வைத்திருக்கும் ஓசூர் கம்பெனி அதே வேலைக்கு இன்றைக்கும் எஸ்விஎன் (சப்வெர்ஷன்). பிரிண்டர் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் தர்மபுரி நண்பருக்கு மெர்க்குரியல்தான் எல்லாம். யாரையும் மாறச் சொல்ல முடியாது, அதனால் வருஷக்கணக்காகப் பேட்சைத்தான், அதாவது மாறிய வரிகளை மட்டும் எழுதிவைத்த ஃபைலைத்தான், மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வரிகள் போய்ச் சேருவது பெரிய விஷயமே இல்லை. லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச் புரோகிராம் அந்த வேலையை அப்போதே முடித்துவிட்டது. அந்த வரிகளைச் சுற்றி இருப்பதுதான், அதாவது யார் எழுதியது, ஃபைல் எங்கிருந்து பெயர் மாறி வந்தது என்பதெல்லாம்தான், வழியில் தொலைகிறது.

எஸ்விஎன் பக்கம் முதலில். ஜிட் பேட்சில் ஃபைல் பாதைக்கு முன்னால் ஏ, பி என்று ஒரு எழுத்தும் சாய்கோடும் வைக்கும், எஸ்விஎன் வைக்காது. ஜிட்டில் 'நோ ப்ரிஃபிக்ஸ்' போட்டு எடுத்தாலும் சரி, அந்தப் பக்கம் ஸ்ட்ரிப் 1 கொடுத்து பாதையின் முதல் துண்டை வெட்டினாலும் சரி. ஆனால் தயவுசெய்து எஸ்விஎன்னின் சொந்த 'பேட்ச்' கட்டளையையே பயன்படுத்துங்கள், 1.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. சாதாரண பேட்ச் புரோகிராமில் ஒட்டினால் புது ஃபைல் டிஸ்கில் வந்து உட்காரும், ஸ்டேட்டஸில் கேள்விக்குறியோடு நிற்கும், கமிட்டில், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, போகாது. அவர்கள் பில்டு உடைந்துபோய் போன் வரும்போதுதான் தெரியும். எஸ்விஎன் பேட்ச் அதைத் தானே ஆட் செய்துவிடும்.

அப்புறம் எஸ்விஎன் தானே நிரப்பும் கீவேர்டுகளின் தொல்லை. எஸ்விஎன்னிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்து ஜிப்பாக அனுப்புவார்கள், அதில் ஃபைல் தலையில் டாலர் குறிகளுக்கு நடுவே ரிவிஷன் எண், தேதி, லாகின் பெயர் எல்லாம் விரிந்திருக்கும். அதற்குப் பக்கத்து வரியில் கை வைத்தால் முதல் ஹங்க்கே, அதாவது பேட்சின் முதல் துண்டே, ஒட்டாது. பேட்ச் புரோகிராம் ஃபஸ் என்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஜிட்டில் பேட்ச் ஒட்டும் 'அப்ளை' கட்டளை, மாற்றத்தைச் சுற்றியுள்ள சூழல் வரி ஒன்று மாறினாலும் முடியாது என்றுவிடும். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும். பில்லிங் கோடு தப்பான இடத்தில் ஒட்டுவதற்கு ஒட்டாமலே போகலாம்.

ஆனால் அதே ஜிட் அப்ளை ஒரு இடத்தில் சத்தமில்லாமல் ஏமாற்றும். ரெப்போவின் (கோடு முழுதும் இருக்கும் ஃபோல்டரின்) உள்ஃபோல்டர் ஒன்றில் நின்று ஓட்டினால், அந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் பாதைகளை எல்லாம் தாண்டிப் போய்விடும், எரரும் வராது. செட்டிக்கரையில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த தம்பி ஒருநாள், "அண்ணா, அப்ளை ஆயிடுச்சுன்னு வருது, ஆனா டிஃப் காலியா இருக்கு" என்று வந்து நின்றான். வெர்போஸ் போட்டால்தான் 'ஸ்கிப்ட் பேட்ச்' என்று சொல்லும். எங்கள் ஸ்கிரிப்ட் இப்போது ரெப்போ தலைக்குப் போய்த்தான் ஓடுகிறது.

மெர்க்குரியலோடு வாழ்வது இதைவிட நிம்மதி. நண்பரின் ஹெச்ஜிஆர்சி என்ற மெர்க்குரியல் செட்டிங் ஃபைலில் டிஃப் பகுதிக்குக் கீழே ஜிட் ட்ரூ என்று ஒரே வரி போட்டோம். அது இல்லாவிட்டால் பெயர் மாற்றிய ஃபைல் ஒருபக்கம் முழுதாக அழிந்து இன்னொருபக்கம் முழுதாகப் பிறந்த மாதிரி வரும், எக்ஸிக்யூட்டபிள் அனுமதியும் போய்விடும். அவர் எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவதை பேட்சைக் கமிட்டாகவே சேர்க்கும் ஜிட் ஏஎம் கட்டளை நேரடியாகவே படிக்கும். நம் நேர மண்டலத்தை மெர்க்குரியல் -19800 வினாடி என்று எழுதும், ஜிட் அதை +0530 ஆக்கிக்கொள்ளும். எதிர்த்திசையில் ஜிட்டின் ஃபார்மேட் பேட்ச் போட்டு அனுப்பினால் மெர்க்குரியலின் ஹெச்ஜி இம்போர்ட் கட்டளை பெயரையும் தலைப்பையும் சரியாக எடுத்துக்கொள்கிறது. பல மாம்பழ சீசனைத் தாண்டிவிட்டோம், தொந்தரவே இல்லை.

பெயர் விஷயத்தில் எஸ்விஎன்னோடுதான் எனக்கு மனத்தாங்கல். அங்கே கமிட் செய்த லாகின்தான் ஆசிரியர். எங்களுக்கு ஒரே லாகின், ஆக அந்தத் தம்பி ராத்திரி பூரா உட்கார்ந்து தீர்த்த ஜிஎஸ்டி ரவுண்டிங் பிரச்சினையும் அந்தப் பொது லாகின் பெயரில்தான் கிடக்கிறது. ஆசிரியர் பெயரைப் பிறகு திருத்தலாம், எஸ்விஎன் அதை ரிவிஷன் ப்ராப்பர்ட்டியாகத்தான் (கமிட்டோடு ஒட்டிய தனிக் குறிப்பாகத்தான்) வைக்கிறது, ஆனால் சர்வரில் அதை அனுமதிக்கும் ஹுக் என்ற சின்ன ஸ்கிரிப்டை இயக்கினால்தான் முடியும். கேட்டுப் பார்த்தேன், அட்மின் மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாம் வேலைக்கு இன்டர்வியூ போகும் பையனுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குப் புரியவே இல்லை.

அதனால் இப்போது, ஜிட்டிலிருந்தே எஸ்விஎன் சர்வரோடு பேசும் 'ஜிட் எஸ்விஎன்' கட்டளை வழியாகத்தான் அனுப்புகிறோம். டிகமிட் செய்யும்போது (ஜிட் கமிட்டை எஸ்விஎன்னுக்கு அனுப்பும்போது) 'ஆட் ஆதர் ஃப்ரம்' போட்டால் கமிட் செய்தியின் கடைசியில் எழுதியவர் பெயரோடு ஒரு ஃப்ரம் வரி சேரும், திரும்ப இழுக்கும்போது 'யூஸ் லாக் ஆதர்' போட்டால் அந்தப் பெயரே ஜிட்டில் ஆசிரியராக வந்து நிற்கும். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் எஸ்விஎன் பிளேமில் இன்னும் பொது லாகின்தான் தெரியும், ஆனால் லாகைத் திறந்தால் தம்பியின் பெயர் இருக்கிறது. ஒரே லாகினில் டீமே வேலை செய்கிறவர்கள் இந்த இரண்டு ஆப்ஷனையும் கான்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் கையால் போட்டால் ஒருநாள் விட்டுப்போகும்.