வோக்கி டோக்கிக்கு ‘4800’ பற்றரி வாங்கப் போகிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசுகிற வயர்லெஸ்) வைத்திருக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த நாலைந்து பேராவது நான் ஏமாந்த இடத்தில் ஏமாறக்கூடாது.

என் கைவோக்கியோடு வந்த பற்றரி 1800 எம்.ஏ.எச். (பற்றரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற கணக்கு). மாரியில் கரண்ட் போய், பின்னாலேயே போன் ரவரும் செத்துப்போனால் அது ஒரு நாளைக்குக் காணாது. வவுனியாவில் ஒரு கடையில் 4800 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பற்றரி இருந்தது. 7,500 ரூபாய். அதே நீளம், அதே தடிப்பு. “அண்ணை, ரெண்டு நாளைக்குச் சார்ஜரைத் தேட மாட்டீங்கள்” என்றான் பொடியன். வாங்கிவிட்டேன்.

பழைய பற்றரி சார்ஜரில் நிறைய நாலு மணித்தியாலம் எடுக்கும். புதியதற்கு இரண்டு மணித்தியாலத்தில் பச்சை லைற் வந்தது. ‘பரவாயில்லையே, கெதியாய் நிறையுதே’ என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதுதான் பெரிய பகிடி. ஒரே சார்ஜரில் பெரிய பற்றரி பிந்தித்தான் நிறைய வேண்டும்.

அடுத்த மழையில் கரண்ட் போன அன்று, மத்தியானத்துக்கு முன்னமே செற் கீச்சிட்டுவிட்டு அணைந்தது. வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டு வளர்ந்தவன் நான். என்னையே பேய்க்காட்டிப் போட்டார்கள்.

நண்பரிடம் பற்றரியை இறக்கி அளக்கிற சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதில் போட்டோம்: 940. சந்தேகம் தீர நகைக்கடைத் தராசிலும் வைத்தோம். பழைய 1800ஐ விட இந்த 4800, 13 கிராம் குறைவு! உள்ளே இருப்பவை 3.7 வோல்ற் லிதியம் செல்கள் இரண்டு, தொடராக. தொடரில் வோல்ற்தான் கூடி 7.4 ஆகும், எம்.ஏ.எச் கூடாது. ரோச் லைற்றுக்குள் போடுகிற 18650 செல்லே நல்ல கம்பனியுடையதென்றாலும் பெரும்பாலும் 3500 அளவில்தான் நிற்கிறது. அதைவிட ஒல்லியான கூட்டுக்குள் 4800 எங்கிருந்து வரும்?

கடைக்குக் கொண்டுபோனேன். “நீங்கள் கனக்கக் கதைக்கிறீங்கள் போல, அதுதான் இறங்குது” என்றார் முதலாளி. பில்லை நீட்டினால் அதில் ‘பற்றரி 1’ என்று மட்டும் இருந்தது. 4800 என்ற எழுத்தே இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அழைத்து முறையிடலாம்தான்; ஆனால் எதைக் காட்டுவது? பொருளின் பெயரும் எம்.ஏ.எச் கணக்கும் எழுதாத பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள்.

இப்போது பழைய பற்றரியோடுதான் காலம் போகிறது. 5 வாற்றில் அழுத்திப் பேசினால் ஒன்றரை அம்பியர் அளவில் இழுக்கும். கிட்டத்து ஆட்களோடு 1 வாற்றே போதும். இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்கிற வசதியை நிறுத்தி, பற்றரியை மிச்சம் பிடிக்கிற ‘சேவ்’ வசதியைப் போட்டு, திரை வெளிச்சத்தையும் குறைத்துவிட்டேன். ஸ்குவெல்ச்சை (ஆள் பேசாத நேரம் இரைச்சலை அடக்குகிற வசதி) திறந்துவிட்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பதும் இல்லை. அன்ரெனா அடியில், உலோக வளையத்தில் முட்டும்படி 49 சென்ரிமீற்றர் வயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். 145 மெகாஹேர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட கால் அலைநீளம்; அன்ரெனாவின் மறுபாதி போல வேலை செய்யும். முன்பு 5 வாற் கேட்ட இடத்துக்கு இப்போது பல தடவை 1 வாற்றிலேயே போய்ச் சேருகிறது. (லைசென்ஸ் பிரதி இல்லாமல் வோக்கியோடு ஏ-9 வீதியில் நிற்காதீர்கள், அது வேறு கதை.)

அடுத்த மாரிக்கு இன்னொரு 1800 பற்றரி எடுத்து வைத்திருக்கிறேன். வேறு கடை. பழையதையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன். தாலிக்கொடி நிறுக்க வந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.