கட்டடத் தொழில்நுட்பம் படிப்பவருக்கு ரெவிட்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

சிங்கப்பூரில் கட்டட வடிவமைப்புத் துறைக்குள் நுழைய நினைப்பவர் யாரைக் கேட்டாலும் முதல் பேச்சு ரெவிட்தான். டிப்ளோமா சிவில் முடித்து ஊரிலிருந்து வந்தவர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர், தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடத் தொழில்நுட்ப டிப்ளோமா சேர்ந்தவர் என எல்லார் கணினியிலும் கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக வரையும் ஆட்டோடெஸ்கின் இந்த மென்பொருள் இருக்கிறது. ஒரு நிறுவனம் இதைக் காசு கொடுத்து வாங்கலாமா என்பது வேறு கணக்கு. படிக்கிறவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவர், தளம், படிக்கட்டு, கூரை எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று கண்ணால் பார்த்துப் படிக்க ரெவிட் அருமையான கருவி. ஆனால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எந்தப் படியில் கால் இடறும், எந்தக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவற்றைக் கவனித்து வரைபடத்திலேயே சரிசெய்வதுதான் கட்டடத் தொழில்நுட்பவியலாளரின் வேலை.

பிரிட்டனில் இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அமைப்பு 1965-இல் தொடங்கி, 2005-இல் அரச சாசனம் பெற்றது. சிங்கப்பூரில் அப்படித் தனிப் பட்டமோ பதிவோ இல்லை. கட்டடக் கலைஞர் என்ற பெயருக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதிகாரிகளுக்குப் போகும் வரைபடத்தில் தகுதிபெற்ற நிபுணர்தான் கையொப்பமிட வேண்டும். இங்கே தொழில்நுட்பவியலாளர் செய்யும் வேலை பிம் மாடலர், பிம் கோஆர்டினேட்டர், ஆர்க்கிடெக்சுரல் கோஆர்டினேட்டர் என்ற பெயர்களில் நடக்கிறது. பிம் என்பது கட்டடத்தின் தகவலையும் உள்ளடக்கிய முப்பரிமாண மாதிரி முறை. கையொப்பம் உங்களுடையது இல்லை, ஆனால் கையொப்பமிடுபவர் நம்பியிருப்பது உங்கள் மாதிரியை.

ரெவிட் இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு அரசு விதியும் ஒரு காரணம். 2013 ஜூலையிலிருந்து 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைச் சமர்ப்பிப்பு பிம் முறையில் வர வேண்டும் என்று கட்டட, கட்டுமான ஆணையம் சொன்னது. 2015 ஜூலையில் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டருக்கு இறங்கியது. 2023 டிசம்பர் 18-இல் கட்டட அனுமதிக்கான இணையச் சமர்ப்பிப்புத் தளமான கோர்நெட் எக்ஸ் வந்தது. இதில் ஐஎஃப்சி-எஸ்ஜி (வெவ்வேறு மென்பொருள்கள் படிக்கக்கூடிய ஐஎஃப்சி கோப்பின் சிங்கப்பூர் வகை) என்ற வடிவில் மாதிரியைக் கொடுக்க வேண்டும். 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். ஆகவே தாளில் பிளான் அழகாக அச்சாகிறது என்பதோடு இப்போது வேலை முடிவதில்லை. மாதிரிக்குள் இருக்கும் தகவலும் சரியாக இருக்க வேண்டும்.

ரெவிட் படிப்பவர் பெரும்பாலும் முதலில் சறுக்கும் இடம் ஆயத்தொலைவு. சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 முறையில் இருக்கிறது. அதன் தொடக்கப்புள்ளிக்கே கிழக்கில் 28001.642, வடக்கில் 38744.572 மீட்டர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தீவின் எந்த மனையை எடுத்தாலும் எண்கள் பல்லாயிரம் மீட்டரில்தான் வரும். சர்வேயர் தந்த ஆட்டோகேட் கோப்பை ரெவிட்டில் ‘ஒரிஜின் டு ஒரிஜின்’ என்று இணைத்தால் மனை ரெவிட்டின் உள்தொடக்கப் புள்ளியிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி விழும். அவ்வளவு தூரத்தில் கோடுகள் நடுங்கும், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) உடையும், ஸ்நாப் (புள்ளியைப் பிடிப்பது) தவறும். மாணவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார்கள். கோளாறு அங்கே இல்லை.

சரியான வழி இது. இணைக்கும்போது அலகை மீட்டர் என்று கொடுங்கள்; நில அளவை மீட்டரில் வரும், உங்கள் திட்டம் மில்லிமீட்டரில் இருக்கும். இடத்தை ‘ஆட்டோ - சென்டர் டு சென்டர்’ என்று தேர்ந்தெடுங்கள். மனையின் ஒரு மூலையோ கிரிட் சந்திப்போ உள்தொடக்கப் புள்ளிக்கு வரும்படி இணைத்த கோப்பை நகர்த்துங்கள். கட்டடம் திரையில் நேராக நிற்க, கோப்பைத் திருப்புங்கள். அடுத்தது உயரம். முதல் மாடித் தரை சிங்கப்பூர் உயர மட்டத்தில் 5.20 மீட்டர் என்றால், எலிவேஷனில் போய் இணைத்த கோப்பை 5200 மி.மீ. கீழே இறக்குங்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் ‘அக்வயர் கோஆர்டினேட்ஸ்’ அழுத்தி அந்தக் கோப்பைச் சொடுக்க வேண்டும். கோப்பின் நில அளவை எண்களை ரெவிட் அப்போது எடுத்துக்கொள்ளும். எல்லைக்கல் ஒன்றில் ஸ்பாட் கோஆர்டினேட் வைத்துப் பாருங்கள். நில அளவை வரைபடத்தில் உள்ள அதே கிழக்கு, வடக்கு எண்கள் வந்தால் வேலை முடிந்தது. ஐஎஃப்சி எடுக்கும்போதும் இப்படி எடுத்த எண்களான ஷேர்டு கோஆர்டினேட்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. சர்வே கோப்பில் எங்கோ தூரத்தில் கிடக்கும் ஓர் எழுத்து அல்லது கோடு போதும், 32 கிலோமீட்டர் எல்லை தாண்டியது என்று ரெவிட் எச்சரிக்கும். அதை ஆட்டோகேட்டில் திறந்து அந்தக் குப்பையை அழித்துவிட்டு இணைக்க வேண்டும். ஆனால் அழிக்கப் போன கையோடு முழு வரைபடத்தையும் 0,0-க்கு இழுத்து வைத்துவிடாதீர்கள். உண்மையான எண்கள் அதோடு போய்விடும், பிறகு அக்வயர் செய்ய எதுவும் மிஞ்சாது.

சுவருக்கு வருவோம். ரெவிட்டின் மிகச் சிறந்த பகுதி இதுதான். ஒவ்வொரு அடுக்குக்கும் பொருள், தடிமன், வேலை, முன்னுரிமை எண் கொடுக்கலாம். ஸ்ட்ரக்சர் 1, கடைசி ஃபினிஷ் 5. இரண்டு சுவர்கள் சந்திக்கும்போது சிறிய எண்ணுள்ள அடுக்கு பெரிய எண்ணுள்ளதை வெட்டிக்கொண்டு போகும். செங்கல் செங்கலோடு சேரும், பூச்சு சுற்றி வரும். ஒரு சுவர் எதனால் ஆனது என்பதை முதல் வாரத்திலேயே மாணவரை யோசிக்க வைக்கிறது. கோடு மட்டும் போடும் எந்த மென்பொருளிலும் இது கிடைக்காது.

ஆனால் லொகேஷன் லைன் என்ற, சுவர் எந்தக் கோட்டைப் பிடித்து நிற்கும் என்று சொல்லும் சின்ன அமைப்பைக் கவனிக்காவிட்டால் எல்லாம் கெடும். உதாரணமாக 100 மி.மீ. செங்கல், இரு பக்கமும் 15 மி.மீ. பூச்சு, மொத்தம் 130. வால் சென்டர்லைனில் வரைந்திருக்கிறீர்கள். பிறகு கழிவறைப் பக்கம் பூச்சு, நீர்த்தடுப்பு, ஓடு எல்லாம் சேர்த்து 35 என்று மாற்றுகிறீர்கள். மொத்தம் 150 ஆகிறது, சுவரின் நடுக்கோடு மாறாமல் நிற்கிறது, ஆனால் செங்கல் 10 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. திரையில் கண்ணுக்கே தெரியாது. ஸ்ட்ரக்சரல் வரைபடத்தோடு ஒப்பிடும்போது தூணின் முகமும் செங்கல்லின் முகமும் பொருந்தாமல் நிற்கும். தொடக்கத்திலேயே ‘கோர் சென்டர்லைன்’ அல்லது ‘ஃபினிஷ் ஃபேஸ்’ என்று தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நீர்த்தடுப்பு விஷயத்தில் ரெவிட் நம்மை ஏமாற்றிவிடும். தளத்தில் மெம்பிரேன் அடுக்கு ஒன்று சேர்த்தால் அதன் தடிமன் பூஜ்யம். செக்‌ஷனில் ஒரு கோடாகக் கிடக்கும். சுவரில் அது ஏறாது, கதவடியில் திரும்பாது, ஃப்ளோர் டிராப்பின் (தரை வடிகால்) கழுத்துக்குள் இறங்காது. கழிவறை ஒழுகுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். சன்னலும் அப்படியே. மென்பொருளோடு வரும் சன்னல் வெறும் துளையும் சட்டமும். கீழ்ப்பலகைக்கு வெளிப்புறச் சரிவு, அடியில் சொட்டுக்காடி, சட்டத்தைச் சுற்றிய சீலண்ட் எதுவும் அதில் இருக்காது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில் இவற்றை 1:5 அளவில் தனி டீட்டெயிலாக வரைந்தே தீர வேண்டும். அதைக் கையாலோ டிராஃப்டிங் வியூவிலோ வரையலாம். மாதிரியிலிருந்து தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது.

படிக்கட்டுக் கருவி கணக்கில் கெட்டி. அதிகபட்ச ரைசர் (ஒரு படியின் உயரம்) 175 மி.மீ. என்று விதிப்படி கொடுத்தால், மாடிக்கு மாடி 3150 மி.மீ. இருக்கும்போது சரியாக 18 ரைசர் போடும். 3200 ஆக்கினால் 19 ஆகும், ஒவ்வொன்றும் 168.4. நல்லது. ஆனால் ஃபினிஷைச் சேர்க்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மாடித் தரையில் ஸ்கிரீடும் (சமன்செய்யும் சிமெண்ட் கலவை) ஓடும் சேர்ந்து 50 மி.மீ., படியின் மேல் 25 மி.மீ. என்று வையுங்கள். கான்கிரீட்டில் 18 ரைசரும் 175 என்றால், கட்டி முடித்த பிறகு கீழ்ப்படி 150 ஆகும், மேல்படி 200 ஆகும். இரண்டுமே கால் இடறும் உயரம். 200 விதியையும் மீறுகிறது. கான்கிரீட்டில் கீழ்ப்படியை 200, மேல்படியை 150 என்று ஊற்றினால்தான் ஓடு பதித்தபின் எல்லாம் 175-க்கு வரும். ரெவிட்டில் இந்தப் பிழைக்கு எச்சரிக்கை எதுவும் வராது. தலைக்கு மேல் 2.0 மீட்டர் இடைவெளி இருக்கிறதா என்றும் அது பார்க்காது. செக்‌ஷன் வெட்டி நீங்களே அளக்க வேண்டும். கைப்பிடித் தடுப்பில் 100 மி.மீ. உருண்டை நுழையக் கூடாது என்ற விதியும் அதேபோல் உங்கள் பொறுப்பு.

கதவில் ஒரு விஷயம். ரெவிட்டின் கதவு அட்டவணையில் 900 என்று வரும் அகலம் கதவுப் பலகையின் அகலம். அணுகல்தன்மை விதி கேட்பது 850 மி.மீ. தடையில்லாத திறப்பு. கதவை 90 பாகை திறந்தால் 45 மி.மீ. பலகையின் தடிமன் வழியில் நிற்கும், எதிர்ப்பக்கம் ஸ்டாப் ஒரு 12 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 843. அட்டவணையில் ‘தடையில்லாத அகலம்’ என்று தனியாக ஒரு பத்தி சேர்த்துக் கணக்கிடும் பழக்கம் வரட்டும்.

பரப்பளவுக் கணக்கு உள்ளூர் விதிக்குத் தானாகப் பொருந்தாது. 2023 ஜூன் 1 முதல் நகர மறுசீரமைப்பு ஆணையம் உள்ளிட்ட அமைப்புகள் தளப்பரப்பை வெளிச்சுவரின் நடுக்கோடு வரை அளக்கின்றன. ரெவிட்டின் ‘கிராஸ் பில்டிங்’ திட்டம் வெளிச்சுவரின் வெளிமுகம் வரை போகும். ஏரியா எல்லையை வரையும்போது ‘அப்ளை ஏரியா ரூல்ஸ்’ குறியை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் நீங்களே வரைய வேண்டும். குறியை எடுக்க மறந்தால், பெரிய கட்டடத்தில் கணக்கு நிறையவே ஏறிவிடும்.

ஐஎஃப்சி எடுத்ததும் ரெவிட்டை மூடிவிட்டு பிம்கொலாப் ஜூம் போன்ற இலவசப் பார்வை மென்பொருளில் திறந்து பாருங்கள். அவசரத்துக்கு ‘ஜெனரிக் மாடல்’ என்று செய்து வைத்த பெட்டி, தடுப்பு எல்லாம் அங்கே அடையாளமில்லாத பொருளாக வந்து நிற்கும். சுவர் சுவராகவும் கதவு கதவாகவும் அறை அறையாகவும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாடியாகச் சரிபார்க்க வேண்டும்.

கணினிக்கு 16 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. விண்டோஸில்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர் ஆர்க்கிகேட் பக்கம் போகலாம். அதுவும் நல்ல கருவி, மாணவர்களுக்கு அதுவும் இலவசம், ஆனால் இங்குள்ள வேலை விளம்பரங்களில் ரெவிட் பெயர்தான் அதிகம்.

ரெவிட்டின் கல்வி உரிமம் ஓராண்டுக்கு இலவசம், படிக்கும் வரை புதுப்பிக்கலாம். கல்வி நிலையத்தில் சேர்ந்ததற்கான சான்று கேட்பார்கள். அந்த உரிமத்தில் சம்பள வேலை எதையும் செய்யக் கூடாது. பகுதிநேரமாக யாராவது பிளான் போடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். விலை குறைந்த ரெவிட் எல்டியில் பலர் ஒரே கோப்பில் வேலை செய்யும் வசதி இல்லை, ஆட்-இன் (கூடுதல் துணைநிரல்) சேர்க்கவும் முடியாது. அலுவலக வேலையே அந்த இரண்டையும் நம்பி நடப்பதால் படிப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பயிற்சிக்கு எங்கே போவது? முழுநேரப் படிப்புக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி, வேலையோடு படிக்கப் பிராடல் ரோட்டில் உள்ள கட்டட, கட்டுமான ஆணையக் கல்விக்கழகம். இரண்டு மூன்று நாள் குறுகிய வகுப்புகள் கட்டளைகளை மட்டும்தான் சொல்லித்தரும். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: உண்மையான எஸ்விஒய்21 சர்வே கோப்பைத் தருவீர்களா? ஐஎஃப்சி-எஸ்ஜி எடுத்துச் சரிபார்ப்பது பாடத்தில் இருக்கிறதா? நான் வரையும் 1:5 டீட்டெயிலை யாராவது சிவப்பு மையில் திருத்தித் தருவார்களா? மூன்றாவதற்கு ஆம் என்று சொல்லும் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கு 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும். எஸ் பாஸில் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருப்பவர்கள் அதைப் பயன்படுத்த முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, பதிப்பு. ரெவிட் கோப்பைப் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்தால் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. நேர்காணலுக்கு மாதிரியை எடுத்துப் போகிறவர்கள் அந்த அலுவலகம் எந்த ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது என்று முன்னதாக மின்னஞ்சலில் கேட்டு, அதையே நிறுவி, அதிலேயே தொடக்கத்திலிருந்து வேலை செய்யுங்கள். கல்விக் கணக்கில் முந்தைய பதிப்புகள் சிலவும் கிடைக்கும். கூடவே ஐஎஃப்சி ஒன்றும், கழிவறைக் கதவடி, சன்னல் கீழ்ப்பலகை, படியின் முதல் ரைசர் ஆகிய மூன்று டீட்டெயில்கள் ஏ3 தாளிலும் கையில் இருக்கட்டும்.